ஓவனுக்குத் தனிக் கம்பி



தகர அடுப்பில் கேக் மாவை வைத்து, கீழே கொஞ்சம் கரி நெருப்பு, மூடியின் மேல் கொஞ்சம் கரி நெருப்பு என்று போட்டுத் தீபாவளிக்குக் கேக் சுட்ட காலம் நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு நினைவிருக்கும். இன்று பிள்ளைகள் வேலைக்குப் போய், திரிங்காப், கம்போங் ராஜா பக்கம் வீடு எடுக்கும்போது, சமையலறை அலமாரிக்குள்ளேயே மின்சார ஓவனைப் பொருத்தித் தருகிறார்கள். அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஓவனுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கம்பியை யார் எப்படி இணைத்தார்கள்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஓவன் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிறு தகடு தெரியும். சிலவற்றில் அது பின்புறம் இருக்கும். எத்தனை வாட் என்று அதில் எழுதியிருக்கும். 3000 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் விளக்குகள் 300 ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம் இது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 3000ஐ 230ஆல் வகுத்தால் 13 ஆம்பியர் வருகிறது. நாம் பயன்படுத்தும் மூன்று கால் பிளக்கின் முழு அளவே 13 ஆம்பியர்தான். அப்படியிருக்க, அரிசிக் குக்கரும் கெத்தலும் மாட்டிய அதே நீட்டிப்புப் பெட்டியில் ஓவனையும் மாட்டினால் என்ன ஆகும்?

காய்கறித் தோட்டத்தில் ரப்பர் குழாய் சிறியதாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும், அதோடு சரி. கம்பி அப்படியல்ல. கம்பி மெலிந்தது என்பதற்காக ஓவன் குறைவாக இழுக்காது. அது கேட்பதைக் கேட்கும், கம்பிதான் சூடேறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்காகும். கம்பியைச் சுற்றியுள்ள சாதாரண பிளாஸ்டிக் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் இளகும், கருகும். பக்கத்தில் இருப்பதோ மரப்பலகை அலமாரி.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுந்தை உருட்டும் இயந்திரத்துக்கு விளக்குக் கம்பியிலிருந்தா மின்சாரம் எடுக்கிறார்கள்? ஓவனுக்கும் மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 3000 வாட் அளவுக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 20 ஆம்பியர் சுவிட்சும் போடுவார்கள். ஓவன் பெரியதானால், அல்லது கம்பி நீண்ட தூரம் போவதானால், 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் தேவைப்படும். ஓவனோடு வரும் கையேட்டைப் பார்த்து வயரிங் செய்பவர் கணக்கிட வேண்டிய விஷயம் இது. சில சிறிய ஓவன்கள் பிளக்குடனேயே வரும். அவற்றுக்கும் தனி சாக்கெட் இருப்பதே நல்லது. சுவிட்ச் ஓவனின் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. புகை வந்தால் கை எட்டும்படி பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும்.

அடுத்தது எர்த் கம்பி. ஓவனின் உடம்பு முழுக்க இரும்பு. உள்ளே ஒரு கம்பி பழுதாகி அந்த இரும்பைத் தொட்டால், மின்சாரம் நிலத்துக்குப் போக வழி தேடும். எர்த் கம்பி இருந்தால் அதன் வழியே போகும். இல்லாவிட்டால் கதவைப் பிடித்திருக்கும் கையின் வழியே போகும்.

நம் மலைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஓவனைச் சூடாக்கும் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். பனியும் மழையுமான நம் ஊரில், தீபாவளிக்குப் பிறகு மூடி வைத்த ஓவனை மறு தீபாவளிக்குத் திறந்து முடுக்கினால், மெயின் பெட்டியில் உள்ள மின்கசிவுத் தடுப்பான் ‘டக்’கென்று விழுந்துவிடக்கூடும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு கசிந்தாலே கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தடுப்பான்கள் உண்டு. மனித உயிரைக் கருதி வைத்த அளவு அது. “இது சும்மா சும்மா விழுகிறது” என்று சொல்லி அதைத் தாண்டிக் கம்பி இழுத்துக் கொடுக்கும் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். தடுப்பான் விழுந்தால் ஓவனைப் பயன்படுத்தாமல், தகுதி பெற்றவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானையும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது நம்மைக் காக்காது.

நிறத்திலும் குழப்பம் உண்டு. சுவருக்குள் வரும் பழைய கம்பிகளில் சிவப்பு மின்சாரம் வருவது, கறுப்பு திரும்பிச் செல்வது, பச்சை எர்த். ஓவன் கம்பியிலோ பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் இருக்கும். பழுப்பைச் சிவப்போடும் நீலத்தைக் கறுப்போடும் சேர்க்க வேண்டும். கறுமையாகத் தெரிகிறதே என்று பழுப்பைக் கறுப்போடு சேர்ப்பவர் உண்டு. நீங்களே இணைக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்பதற்காகச் சொல்கிறேன்.

எரிசக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் வேலையைக் கொடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. தோட்டம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள், ஓவன் வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கிராணியாரிடம் கேளுங்கள். பழைய வீட்டு வயரிங் விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்கிட்டுப் போட்டதாக இருக்கலாம்.

எப்போதாவது கருகல் நாற்றம் வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுவிட்சை அணையுங்கள். யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, 999ஐ அழையுங்கள். மெயின் பெட்டி எங்கே இருக்கிறது, எதை இறக்க வேண்டும் என்பதை இன்று மாலையே வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.