பள்ளிக்கூடங்களுக்குச் சரக்கு விற்பது எப்படி?

விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லாத ஊர் அரிது. திருவாமாத்தூரிலிருந்து திண்டிவனம் வரை எந்தப் பாதையில் சென்றாலும் ஒரு தொடக்கப் பள்ளி, அதனருகே ஒரு சத்துணவுக் கூடம், சற்றுத் தள்ளி ஒரு மாணவர் விடுதி என்று காண்கிறோம். இவை ஒவ்வொன்றும் ஓயாமல் பொருள் வாங்கும் இடங்கள். காய்கறி, கடுகு, சீரகம், புளி, மிளகாய்த்தூள், சாக்பீஸ், துடைப்பம், பினாயில், பல்பு, பூட்டு, பக்கெட் ஆகிய இவையெல்லாம் நம் கடைகளில் கிடைப்பவையே.

ஆயினும் இந்த வியாபாரத்தை நம் உறுப்பினர்கள் இரண்டு விதமாகப் பார்க்கின்றனர். "அதெல்லாம் பெரிய கான்ட்ராக்டர் வேலை" என்று ஒதுங்குவோர் ஒரு சாரார். தெரிந்த வாத்தியார் கேட்டார் என்று நோட்டில் எழுதிச் சரக்கைக் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் பணத்துக்கு அலைவோர் மறு சாரார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பள்ளியில் எந்தப் பொருளை, யார், எந்தப் பணத்தில் வாங்குகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

நம் கைக்கு வராதவை

முதலில், எதிர்பார்த்து ஏமாற வேண்டாதவற்றைச் சொல்லிவிடுவோம். பாடநூல், விலையில்லா நோட்டுப் புத்தகம், புத்தகப் பை, காலணி ஆகியவற்றைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து வாங்குகிறது. சத்துணவுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து வருகின்றன. முட்டைக்குத் தனி டெண்டர். இவற்றில் ஒரு மளிகைக் கடைக்காரர் நேரடியாக நுழைய வழி இல்லை.

நமக்குத் திறந்திருக்கும் வாசல்கள்

முதல் வாசல் சத்துணவுக் கூடம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இத்திட்டத்தில், அரிசியும் பருப்பும் அரசு கொடுத்தாலும், காய்கறிக்கும் தாளிதப் பொருள்களுக்கும் எரிபொருளுக்கும் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் பணமே ஒதுக்கப்படுகிறது. அதைக் கொண்டு உள்ளூரில் வாங்குபவர் சத்துணவு அமைப்பாளர். தொகை சிறிதுதான், ஆனால் பள்ளி நடக்கும் நாளெல்லாம் நடக்கும் வியாபாரம். இதற்கான கணக்கை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவும், மாவட்ட அளவில் ஆட்சியரின் நேர்முக உதவியாளரும் (சத்துணவு) பார்க்கின்றனர். நம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள் உள்ளன. உங்கள் ஒன்றியம் எது என்று அறிந்து அங்கேயே விசாரிக்கலாம்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் உள்ளது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்னும் உணவுகளுக்கு ரவையும் சேமியாவும் காய்கறியும் தேவை. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். எந்தப் பொருள் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்ட பிறகே பேச்சைத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது வாசல் பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மாணவர் எண்ணிக்கையை ஒட்டி இது தரப்படுகிறது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 100 பேர் வரை ரூ.25,000, 250 பேர் வரை ரூ.50,000, 1000 பேர் வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். இதில் குறைந்தது நூற்றுக்குப் பத்து பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். துடைப்பம், பினாயில், பிளீச்சிங் பவுடர் விற்பவர்கள் இதைக் கவனிக்கவும். இந்தப் பணத்தைத் தலைமையாசிரியர் தன்னிச்சையாகச் செலவிட இயலாது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அவர்களில் பலர் நம் கடையில் தினமும் சாமான் வாங்குபவர்கள் என்பதை மறக்க வேண்டாம். எடை குறையாத கடை என்ற பெயரே அங்கு நமக்குச் சிபாரிசு.

மூன்றாவது வாசல் விடுதிகள். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் உணவுச் செலவு 2023இல் உயர்த்தப்பட்டு, பள்ளி மாணவருக்கு மாதம் ரூ.1,400, கல்லூரி மாணவருக்கு ரூ.1,500 என ஆக்கப்பட்டது. 50 பள்ளி மாணவர் உள்ள விடுதி என்றால் மாதம் ரூ.70,000 உணவுக்கு மட்டும். எந்தப் பொருளை வெளிக்கடையில் வாங்க அனுமதி உண்டு, விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று காப்பாளரிடம் முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

இவை தவிர, அரசு உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் உள்ளன. அங்கு நிர்வாகமே வாங்குகிறது. பேரம் நம் வழக்கமான பேரமே. ஒன்றிய அரசின் பள்ளிகளானால் ஜெம் எனப்படும் அரசு மின்சந்தையில் பதிவு செய்துகொள்வது பயன் தரும். 2016இல் ஏற்படுத்தப்பட்ட இச்சந்தையில் விற்பவராகப் பதிவு செய்ய ஆதார் அல்லது பான், வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும்.

டெண்டரில் கலந்துகொள்வோர்க்கு

பெரிய கொள்முதல்களுக்குத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். ரூ.2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அரசின் மின் டெண்டர் தளத்தில் கலந்துகொள்ள மின்னணுக் கையொப்பச் சான்று தேவை. நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுள் ஆகக் குறைந்த விலை கொடுத்தவருக்கே ஆணை. முடிவு தவறு என்று கருதினால், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தினமும் பத்திரிகையில் டெண்டர் அறிவிப்பைப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் குறைவு, இன்றே தொடங்கலாம்.

இங்கு ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. பலர் பதிவு செய்துகொண்டு, டெண்டரில் சலுகை உண்டு, 45 நாளில் பணம் வந்தாக வேண்டும் என்றெல்லாம் நம்பியிருக்கின்றனர். அவ்வாறு இல்லை. வியாபாரிகளுக்கு அப்பதிவால் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் வாய்ப்பு மட்டுமே. மற்றவை உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழில் செய்வோருக்கும் உரியவை.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கடையின் பெயரில் நடப்புக் கணக்கு, பான் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் நகல், உணவுப் பொருள் விற்பவரானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் சான்று, தராசு முத்திரைச் சான்று ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். பள்ளிப் பணம் இப்போது பெரும்பாலும் வங்கி வழியாகவே நேராக நம் கணக்குக்கு வருகிறது. கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் வேறொன்று என்றிருந்தால் பில் அங்கேயே நின்றுவிடும்.

இணக்க வரி கட்டுபவர்கள் அரசுக்கு விற்கலாம். ஆனால் பில்லில் வரியைத் தனியே போடக் கூடாது. ஒப்பந்த மதிப்பு ரூ.2.5 லட்சத்துக்கு மேற்பட்டால் அரசு அலுவலகம் ஜி.எஸ்.டி.க்காக நூற்றுக்கு 2 பிடித்துக்கொள்ளும். அது நம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை கொடுக்கும்போது வரி மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். உதிரியாக விற்கும் பருப்புக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையான, பெயர் அச்சிட்ட பொட்டலத்துக்கு நூற்றுக்கு 5 உண்டு. நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான் ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை. பழைய விலைப்பட்டியலையே கொடுத்தால் நம் கொட்டேஷன் தானாகத் தோற்கும்.

கடன் என்னும் கண்ணி

ஒரு பள்ளிக்கு மாதம் ரூ.8,000 சரக்கு கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 8 ரூபாய் லாபம் என்றால் ரூ.640. பணம் நான்கு மாதம் கழித்து வருகிறது. நாம் மொத்தக் கடைக்குக் கொடுக்க, மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் புரட்டுகிறோம். நான்கு மாத வட்டி ரூ.640. ஆக, நாம் செய்தது வியாபாரம் அன்று; கூலி இல்லாமல் மூட்டை சுமந்ததே. அதற்குள் அடுத்த மூன்று மாதச் சரக்கும் போய், ரூ.32,000 முதல் முடங்கிவிடும்.

தாமதத்துக்கு எப்போதும் தலைமையாசிரியரோ அமைப்பாளரோ காரணம் அல்லர். மேலிருந்து பணம் வராமலே போவதுண்டு. 2024-25ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டதை அனைவரும் அறிவர். அத்தகைய காலத்தில் "மானியம் வந்ததும் தருகிறோம்" என்ற சொல்லை நம்பிச் சரக்கு கொடுத்தால், அரசாங்கங்களுக்கு இடையிலான வழக்கின் சுமையை நம் கல்லாப்பெட்டி தாங்க வேண்டிவரும்.

ஆகவே, மூன்று விதிகளை வைத்துக்கொள்வோம். ஒன்று, கையொப்பமும் முத்திரையும் உள்ள கொள்முதல் ஆணை இல்லாமல் சரக்கு அனுப்புவதில்லை. இரண்டு, சரக்கு இறங்கியதும் பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்காமல் வண்டி திரும்புவதில்லை. மூன்று, பள்ளிகளுக்கான கடனுக்கு ஓர் உச்சவரம்பு குறித்து, முந்தைய பில் பட்டுவாடா ஆகாமல் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. மார்ச் 31க்குள் பில் கொடுக்கத் தவறினால் ஒதுக்கீடு திரும்பிவிடக்கூடும் என்பதால், பிப்ரவரியிலேயே கணக்கை நேர் செய்துகொள்வது உத்தமம்.

திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை உண்டு. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மனிதருக்குள் அது போதும். அரசாங்கக் கணக்குக்குச் சத்தியம் செல்லாது, தாள்தான் செல்லும். சொன்ன அதிகாரி இடம் மாறிப் போவார், வந்தவருக்கு நம்மைத் தெரியாது. அப்போது பேசுவது அந்த நகல் ஒன்றே.

பணம் வராவிட்டால்

முதலில் எழுத்து மூலம் நினைவூட்டி, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் பெறவும். அடுத்து மேலலுவலகத்துக்கு எழுதவும். பில் எங்கே நிற்கிறது என்பதை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பல இடங்களில் அந்த மனுவே பில்லை நகர்த்திவிடும். விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டே காலவரம்பு. அரசின் மீது வழக்கு என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பும் தேவை. ஆகவே, "பார்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்துவது நம் கடனை நாமே தள்ளுபடி செய்வதாகும்.

செய்யக் கூடாதவை

கொட்டேஷன் மூன்று வேண்டும் என்று கேட்டால், மற்ற இரண்டையும் நாமே வேறு கடைப் பெயரில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. ஒரே கையெழுத்தைத் தணிக்கையர் கண்டால் நட்டமும் அவமானமும் நமக்கே. கமிஷன் கேட்டால் கொடுப்பதும் குற்றமே. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவர். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். தரத்தில் குறை வைப்பதோ இவை எல்லாவற்றினும் கொடியது. அந்தச் சாம்பாரை உண்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்.

ஒன்றுபட்டால் உண்டு

பிரேசில் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்கையாவது சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று விதித்தது. உள்ளூர்ப் பணம் உள்ளூரில் சுழல வேண்டும் என்பதே அதன் கருத்து. நம்மிடம் சிறு வியாபாரிகளுக்கு அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. உள்ளூர்க் கடைகளில் வாங்கும் பொருளுக்குக் குறித்த நாளில் பட்டுவாடா என்ற உறுதியையாவது நாம் ஒன்றுசேர்ந்து கேட்கலாம். தனிக் கடைக்காரர் கேட்டால் அது கெஞ்சல். சங்கம் கேட்டால் கோரிக்கை. ஆகவே, உறுப்பினர்கள் தத்தம் பள்ளிப் பாக்கிகளைத் தேதி, தொகை, ஆணை எண் ஆகியவற்றுடன் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். தாள் உள்ள பாக்கியை மட்டுமே சங்கம் எடுத்துப் பேச முடியும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.