டெசால் முதுகலை: ஆங்கிலம் சொல்லித் தர தனியா ஒரு பட்டமா? சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

'120 மணி நேரத்தில் டெஃபல் சான்றிதழ், வெளிநாட்டில் ஆசிரியர் வேலை' என்ற மாதிரி விளம்பரங்கள் செல்போனில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இன்னொரு பக்கம், லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் 'டெசால், டிஜிட்டல் கற்பித்தல்' முதுகலை படிப்புகள். இரண்டுமே ஆங்கிலம் சொல்லித் தருவது பற்றித்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும், தொழில்நுட்பம் என்ற பெயரில் என்னதான் சொல்லித் தராங்க? பணம் கட்டும் முன் பார்த்துவிடலாம்.

டெஃபல், டெசால்... என்ன வித்தியாசம்?

ஜப்பான், சவுதி அரேபியா போன்ற நாடுகளில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது. அங்கே அது அயல்மொழி. அப்படிப்பட்டவர்களுக்குக் கற்பிப்பதைச் சொல்வது டெஃபல். இந்தியாவில் நீதிமன்றம், கல்லூரி, அலுவலகம் என எங்கும் ஆங்கிலம் புழங்குவதால் இங்கே அது இரண்டாம் மொழி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்தான் டெசால்.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு ஷேக்ஸ்பியர் தெரியும். ஆனால் வாய் திறக்கவே தயங்கும் 12 வயது மாணவனை இரண்டு வாக்கியம் பேச வைப்பது எப்படி என்பது அந்தப் படிப்பின் வேலை இல்லை. டெசால் முதுகலை தொடங்குவதே அந்த இடத்தில்தான். இரண்டாம் மொழி மூளையில் எப்படிப் பதிகிறது, பாடத்தை எப்படி வடிவமைப்பது, தேர்வை எப்படி அமைப்பது என்பவைதான் அதன் அடிப்படைப் பாடங்கள்.

சான்றிதழ் வேற, முதுகலை வேற

குறுகிய காலப் பயிற்சிகளில் பெயர் பெற்றது கேம்பிரிட்ஜின் செல்டா. முழுநேரமாகப் படித்தால் 4 அல்லது 5 வாரம். இதில் குறைந்தது 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்சியாளர் உட்கார்ந்து மதிப்பிடுவார். பிரிட்டன் தர வரிசையில் இது 5-ம் நிலை. முதுகலை பட்டம் 7-ம் நிலை, வழக்கமாக ஓராண்டு, 180 கிரெடிட், கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை.

இதில் ஒரு முரண் இருக்கு. நான்கு வார செல்டாவில் வகுப்பெடுக்கும் பயிற்சி கட்டாயம். ஆனால் சில முதுகலை படிப்புகளில் ஒரு வகுப்பு கூட எடுக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். விளம்பரங்களில் வரும் பல ஆன்லைன் சான்றிதழ்களும் அப்படித்தான். மணி நேரக் கணக்கு மட்டும் 120 என்று ஒன்றுபோல இருக்கும்.

தொழில்நுட்பத்துல அப்படி என்ன இருக்கு?

கணினி வைத்துப் பாடம் நடத்துவது புதுசு இல்லை. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டம் 1960-லேயே தொடங்கிவிட்டது. அதன் பிறகு கேசட், மொழி ஆய்வகம், சிடி, ஸ்மார்ட் போர்டு, செயலி என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. எந்த பட்டனை அழுத்தணும் என்று மட்டும் கற்றுக்கொண்டவருக்கு, கருவி மாறியதும் அந்தப் படிப்பு காலாவதி.

அதனால்தான் இந்தப் படிப்புகளில் 'டிபேக்' என்ற சட்டகம் அடிக்கடி வரும். புண்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரு பேராசிரியர்கள் 2006-ல் முன்வைத்தது இது. பாடம் தெரிவது, கற்பிக்கத் தெரிவது, கருவி தெரிவது ஆகிய மூன்றும் தனித்தனியாக இருந்தால் போதாது, மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்பதே இதன் சாரம்.

ஓர் எளிய கணக்கு: வகுப்பில் 45 மாணவர்கள், பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் ஒரு மாணவனுக்குப் பேச ஒரு நிமிடம் கூட கிடைக்காது. அதே மாணவர்கள் வீட்டு செல்போனில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்து அனுப்பினால் 45 பேரும் பேசியிருப்பார்கள். இங்கே தொழில்நுட்பம் நிஜமாகவே ஒரு சிக்கலைத் தீர்க்கிறது. புத்தகத்தில் இருப்பதையே பெரிய திரையில் காட்டுவது அப்படி அல்ல.

இன்னொரு உதாரணம், சொற்தொகுப்புகள். 'டிஸ்கஸ் அபௌட்' என்று நம்ம ஊரில் சகஜமாகச் சொல்வோம். 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பான கோகாவில் தேடினால், 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' வருவது அரிது என்பது தெரியும். ஆசிரியர் 'தப்பு' என்று அடிப்பதற்கு பதிலாக, மாணவனே தேடிக் கண்டுபிடிப்பான். இது தவறா, இந்திய ஆங்கிலத்தின் இயல்பா என்ற விவாதமும் அங்கிருந்தே தொடங்கும்.

ஏஐ வந்த பிறகு இது தேவையா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, வீட்டுப்பாடக் கட்டுரையை வைத்து மாணவனின் ஆங்கிலத்தை எடைபோட முடியவில்லை. வரைவுகளைப் படிப்படியாகப் பார்ப்பது, எழுதியதை வாய்மொழியாக விளக்கச் சொல்வது என மதிப்பீட்டையே மாற்ற வேண்டியிருக்கிறது. பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலிகளிலும் சிக்கல் உண்டு. தமிழ் வாடையோடு சரியாகவே பேசும் மாணவனுக்கு 'தவறு' என்று சிவப்பு விளக்கு காட்டலாம். எப்போது செயலியை நம்பக் கூடாது என்று தெரிந்த ஆசிரியர்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியும்.

இந்தியாவில் எங்கே?

இந்தத் துறைக்கென்றே உருவானது ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், சுருக்கமாக இஃப்லு. 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. இந்தியா இதில் பின்தங்கிய நாடும் இல்லை. என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய 'பெங்களூரு திட்டம்' உலகெங்கும் டெசால் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இலக்கணத்தை ஒப்பிக்க வைக்காமல், வேலைகளைக் கொடுத்து மொழியைக் கற்க வைத்த முயற்சி அது.

வேலை கிடைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் ஆக பி.எட். வேணும். கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலை, அதோடு நெட், செட் அல்லது பிஎச்.டி. வேணும். டெசால் பட்டம் இவற்றுக்கு மாற்று ஆகாது. பட்டத்தின் பெயர் மாறினாலே இணைத்தன்மை பிரச்சினை வரும்.

வளைகுடா பல்கலைக்கழகங்களின் ஆயத்த வகுப்புகளில் டெசால் முதுகலையைக் கேட்பது வழக்கம். தனியார் பள்ளி, பயிற்சி நிறுவனம், பாட உள்ளடக்கத் துறையிலும் பயன்படும். ஆனால் எல்லாக் கதவும் படிப்பால் திறக்காது. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 நாட்டுக் குடிமக்களுக்கானது. எவ்வளவு படித்திருந்தாலும் பாஸ்போர்ட்தான் முதலில் பேசும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நிஜ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்சி உண்டா, எத்தனை மணி நேரம்?

2. தொழில்நுட்பப் பாடம் கட்டாயமா, விருப்பப் பாடமா? கருவிகளை மட்டும் காட்டுகிறார்களா, எது எப்போது பயன்படும் என்று சொல்லித் தருகிறார்களா?

3. வெளிநாட்டுப் பட்டம் என்றால் இந்தியாவில் இணைத்தன்மைச் சான்றிதழ் கிடைக்குமா? ஆன்லைன் படிப்புக்கும் கிடைக்குமா?

4. நீங்கள் போக நினைக்கும் நாட்டின் விசா விதி இந்தியர்களை அனுமதிக்கிறதா?

5. வகுப்பறை அனுபவம் இல்லாதவர் என்றால், முதலில் ஒரு குறுகிய காலப் பயிற்சி எடுத்து, இரண்டு ஆண்டு பாடம் நடத்திவிட்டு முதுகலைக்குப் போவது நல்லதா?

ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆமாம்' என்பதே பதில். வகுப்பில் தடுமாறிய அனுபவம் இருந்தால்தான், இந்தப் படிப்பில் எதைத் தேடுகிறோம் என்பதே புரியும்.