காலுறை வாங்குதலும் பேணுதலும்

நாம் அணியும் பொருள்களுள் பிறர் கண்ணுக்கு மிகக் குறைவாகப் புலப்படுவது காலுறை. அணிந்தவனுக்கோ அது காலை முதல் மாலை வரை ஓயாமல் தன் இருப்பை உணர்த்திக்கொண்டே இருக்கிறது. கழுத்தில் கட்டும் டை பொருந்தாவிட்டால் பார்ப்பவர் கண் உறுத்தும். காலுறை பொருந்தாவிட்டால் அணிந்தவன் கால் உறுத்தும். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், காலுறையை எவ்வாறு தேர்ந்து வாங்குவது, வாங்கியதை எவ்வாறு பேணுவது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பது எளிதாகும்.

நம் நாட்டு வெப்பத்திற்கு வேட்டியும் செருப்பும் இயல்பாகப் பொருந்தின. மூடிய காலணி வந்தபோது அதனோடு காலுறையும் வந்தது. மேஜோடு என்று நம் முன்னோர் அதனை அழைத்தனர். வேட்டியைத் துவைக்கவும் உலர்த்தவும் மடிக்கவும் வீட்டுப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்ட இளைஞர் பலருக்குக் காலுறையைப் பற்றிச் சொல்லித் தருவார் வீட்டில் இல்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டியதை வாங்குகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் கையில் இருக்கும் பணம் சிறிது. அதைக் கொண்டு அவன் வாங்கும் காலுறை கணுக்காலில் சரிந்து விழுவதும், குதிகாலில் கொப்புளம் எழுப்புவதும், அருகில் இருப்பவர் முகம் சுளிக்கும்படி நாற்றம் வீசுவதும் அவனுடைய தன்னம்பிக்கையைக் குலைத்துவிடக் கூடும். ஆதலின் இது சிறு பொருளானாலும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டியதே.

முதலில் காலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு நாற்றம் இல்லை என்றே சொல்லலாம். தோலின்மேல் வாழும் பாக்டீரியாக்கள் அந்த வியர்வையையும் உதிர்ந்த தோலையும் சிதைக்கும்போதுதான் நாற்றமுள்ள அமிலங்கள் உண்டாகின்றன. ஈரமும் வெப்பமும் ஒருங்கே நிலைத்தால் பூஞ்சைகளும் வளரும். விரல் இடுக்கில் தோல் வெந்தாற்போல் வெளுத்து, வெடித்து, அரிப்பெடுக்கும். சேற்றுப்புண் என்று நம் மக்கள் கூறும் துன்பம் சேற்றில் நடக்காதவர்க்கும் வருவது இதனால்தான். காலுறையின் முதற்கடமை காலை அழகுபடுத்துவதன்று. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவதும், தோலுக்கும் காலணிக்கும் இடையே உராய்வைத் தாங்குவதுமே ஆகும்.

இக்கடமையை எந்த இழை நன்கு செய்யும்? உலர்ந்த இழை 100 கிராம் எடுத்து, 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால், கம்பளி ஏறத்தாழ 16 கிராம் நீராவியை ஈர்த்துக்கொள்ளும். பருத்தி 8 கிராம். நைலான் 4 கிராம். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஈர்ப்பதில்லை. பாலியெஸ்டர் மிகுந்த மலிவான காலுறை நம் கோடையில் ஏன் கால்களை வதைக்கிறது என்பதற்கு இவ்வெண்களே விடை கூறும். மெல்லிய மெரினோ கம்பளி மிக நன்று. ஆனால் விலை மிகுதி. நம்மவர்க்கு ஏற்றது பருத்தியே. எனினும் முழுவதும் பருத்தியாலான காலுறை நனைந்தால் உலர நேரமாகும்; விரைவில் தளர்ந்தும் போகும். ஆகவே 75 முதல் 80 விழுக்காடு பருத்தி, தேய்மானத்தைத் தாங்க 15 முதல் 20 விழுக்காடு நைலான், இழுத்தால் திரும்பிச் சுருங்க 2 முதல் 5 விழுக்காடு எலாஸ்டேன் கலந்த காலுறை நாள்தோறும் அணிவதற்கு ஏற்றது. இவ்விகிதம் பெரும்பாலும் உறையின் மீதுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அச்சீட்டைப் பாருங்கள்.

பருத்தியிலும் தரவேறுபாடு உண்டு. இழை நீளமாக இருந்தால் நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் குறையும். நூல் வழவழப்பாகவும் வலிவாகவும் அமையும். கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் சுஜாதா என்னும் இனத்தையும் செயிண்ட் வின்சென்ட் என்னும் இனத்தையும் கலந்து உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளியான சுவின் பருத்தி, மிக நீண்ட இழைக்குப் பெயர் பெற்றது. மெர்சரைஸ் செய்தது என்று சில உறைகளில் காணலாம். ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1844-ஆம் ஆண்டில் பருத்தியை எரிசோடாக் கரைசலில் தோய்த்து, அது வலிமை பெறுவதையும் சாயத்தை நன்கு ஏற்பதையும் கண்டார். அவ்வாறு தோய்க்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பட்டுப் போன்ற பளபளப்பும் வரும் என்பதைப் பிற்காலத்தில் ஹொரேஸ் லோ என்பவர் காட்டினார். விழாவுக்கும் அலுவலகத்துக்கும் உரிய மெல்லிய காலுறைகளில் காணப்படும் மங்காத மினுமினுப்பு இதன் பயனே.

இனி, பின்னலைக் காண்போம். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதால் அது அதிகம் நெகிழாது. காலுறையோ கண்ணிகளாகப் பின்னப்படுவது. கண்ணிகள் இடங்கொடுப்பதால் காலின் வடிவத்திற்கு ஏற்ப நெகிழ்கிறது. எகிப்து நாட்டின் ஆக்சிரிங்கஸ் என்னும் பழைய நகரில் கிடைத்த கம்பளிக் காலுறை இணையொன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. வாரிட்ட செருப்போடு அணிவதற்கு ஏற்பப் பெருவிரல் தனியே பிரிந்திருக்கிறது. நெடுங்காலம் கையால் செய்யப்பட்டு வந்த இத்தொழிலுக்கு, 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் அருகே வில்லியம் லீ என்பவர் பொறி ஒன்றை அமைத்தார். அவருக்குத் தம் நாட்டில் ஆதரவு கிட்டவில்லை. பிரான்சுக்குச் சென்று அங்கேயே காலமானார். 1759-ஆம் ஆண்டில் ஜெடதையா ஸ்டரட் அப்பொறியில் வரிவரியான பின்னலைச் செய்ய வழி கண்டார். இன்று நம் காலுறையின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் வரிகள் அவ்வகையினவே. அவை அணிக்காக மட்டும் அமைந்தவை அல்ல. காலைப் பற்றி நிற்பதற்காக அமைந்தவை.

கடையில் நின்று தரத்தைச் சோதிக்க ஐந்து வழிகள் உண்டு.

ஒன்று: மேல்விளிம்பை இரு கைகளாலும் விரித்து விடுங்கள். உடனே பழைய அகலத்திற்குத் திரும்ப வேண்டும். சோம்பித் திரும்பினால் சில நாளில் சரிந்து விழும்.

இரண்டு: அனுமதித்தால் கையை உள்ளே விட்டு, குதிகால் பகுதியை வெளிச்சத்திற்கு நேரே பிடியுங்கள். குதிகாலும் விரல்முனையும் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக இருக்க வேண்டும். முதலில் தேய்வன அவைதாம்.

மூன்று: குதிகாலுக்கு உரிய பை போன்ற குழிவு இருக்கிறதா என்று பாருங்கள். நேர்க்குழாயாகப் பின்னி மடித்து வைத்தது காலில் சுழன்றுகொண்டே இருக்கும்.

நான்கு: உட்புறத்தைத் திருப்பி, விரல்களுக்கு மேலே செல்லும் தையலைத் தடவுங்கள். அது தட்டையாக இருக்க வேண்டும். கயிறு போல் புடைத்திருந்தால், காலணிக்குள் அழுந்திப் புண்ணாக்கும்.

ஐந்து: அளவு. காலுறையின் எண் பழைய வழக்கப்படி அங்குலத்தில் பாத நீளத்தைக் குறிப்பது. காலணியின் எண் வேறு. எல்லார்க்கும் பொருந்தும் என்று விற்பது பெரும்பாலும் இடைப்பட்ட பாதங்களுக்கே நன்கு பொருந்தும்.

உயரமும் நிறமும் பற்றி நீண்ட விதிகள் வேண்டியதில்லை. நாற்காலியில் அமரும்போது கால்சட்டை மேலேறும். அப்போது தோல் தெரியாத அளவுக்குக் காலுறை உயரமாக இருப்பது முறையான உடைக்கு அழகு. நிறம் கால்சட்டையை ஒட்டியிருந்தால் போதும். ஐயம் தோன்றினால் கருநீலமோ அடர்சாம்பலோ தவறாது பொருந்தும். வெள்ளைக் காலுறை பள்ளிச் சீருடைக்கும் விளையாட்டிற்கும் உரியது.

இங்கே ஒரு சிறு கணக்கு. மூன்று நிறங்களில் மூன்று இணைகள் வாங்கினீர்கள் என வைத்துக்கொள்வோம். இரண்டு வெவ்வேறு இணைகளில் ஒவ்வொரு காலுறை கிழிந்தால் மிஞ்சுவது ஓர் இணையே. மூன்றும் ஒரே நிறமாக இருந்திருந்தால் மிஞ்சுவது இரண்டு இணைகள். மற்றொரு கணக்கும் உண்டு. 60 ரூபாய்க் காலுறை மூன்று மாதமும், 150 ரூபாய்க் காலுறை ஓராண்டும் உழைக்குமானால், ஆண்டுச் செலவு முன்னதற்கு 240 ரூபாய். பின்னதற்கு 150 ரூபாய். மலிவு என்பது விலைச்சீட்டில் மட்டும் இருப்பதன்று.

ஆனால் நல்ல காலுறையும் பேணாவிட்டால் நாலு மாதம் தாங்காது. கந்தையானாலும் கசக்கிக் கட்டுவது நம் மரபு. அம்மரபு காலுறைக்கும் பொருந்தும். ஒருநாள் அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணியலாகாது. வியர்வையும் உதிர்ந்த தோலும் உட்புறத்தில் தங்குவதால், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். மென்மையான சோப்பும் சாதாரண நீரும் போதும். வெளுப்புத் தூள் எலாஸ்டேனையும் கம்பளியையும் கெடுக்கும். முறுக்கிப் பிழிந்தால் கண்ணிகள் உருமாறும், அமுக்கிப் பிழியுங்கள். விரல்முனையில் கவ்வி இட்டு நிழலில் உலர்த்துங்கள். மேல்விளிம்பில் கவ்வியிட்டால் அதன் நெகிழ்வு கெடும். இஸ்திரிப் பெட்டி அதன்மேல் படவே கூடாது. சேற்றுப்புண் உள்ளவர், 60 பாகை வெப்பம் தாங்கும் எனச் சீட்டில் குறித்துள்ள காலுறைகளையே வாங்கி, அந்த வெந்நீரில் துவைப்பது நன்று, பூஞ்சை அழியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலுறை உலராதே என்று கேட்பீர்கள். துவைத்த காலுறையை உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் நீரின் பெரும்பகுதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு மின்விசிறியின் கீழ் தொங்கவிடலாம். அரைகுறையாக உலர்ந்ததை அணிவதைவிட, அன்று செருப்போடு செல்ல இசைவு பெறுவது மேல். பள்ளித் தலைமையாசிரியர்கள் மழைநாளில் இவ்விசைவை மறுக்கலாகாது என்பது, அப்பணியில் இருந்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

அணிவதிலும் முறை உண்டு. மேல்விளிம்பைப் பிடித்து இழுத்து ஏற்றாமல், விரல்முனை வரை சுருக்கிக்கொண்டு காலில் பொருத்தி மேலே விரித்து வர வேண்டும். கால் நகங்களை வெட்டி வையுங்கள். விரல்முனையில் விழும் ஓட்டைகள் பல நகத்தால் விழுபவை. ஒன்றின் வாயில் மற்றொன்றைப் பந்தாகத் திணித்து வைத்தால் விளிம்பு தளரும். இரண்டாக மடித்து வைத்தால் போதும். சிறு ஓட்டை கண்டவுடன், அதே நிற நூலால் பாவும் ஊடுமாக இழைபிடித்து அடைத்துவிட்டால் இன்னும் பல மாதங்கள் உழைக்கும். தையலைத் தட்டையாக முடிக்க மறவாதீர்கள்.

உங்கள் இல்லத்தில் நீரிழிவு நோயுள்ள தந்தையாரோ தாத்தாவோ இருக்கலாம். அந்நோய் முற்றியவர் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றிவிடும். காலுறையின் ஒரு சுருக்கம், ஒரு புடைத்த தையல் புண்ணாக்கினாலும் அவர்க்குத் தெரியாது. கவனியாத புண் காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லலாம். அவர்க்குத் தையல் தட்டையானதும், மேல்விளிம்பு இறுக்காததுமான காலுறை வேண்டும். கழற்றிய பின் காலில் ஆழமான தடம் பதிந்திருந்தால் அது ஆகாது. நிறம் வெண்மையாகவோ வெளிறியதாகவோ இருக்கட்டும். இரத்தமோ சீழோ கசிந்தால் கறை உடனே தெரியும். மாலையில் அவர் காலுறையைக் கழற்றும்போது அதன் உட்புறத்தையும் பாதத்தையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடையைப் பற்றி நாம் கற்கும் பாடம் ஓர் உயிருக்கு உதவும் இடம் இது.

காலுறையோடு சேர்ந்த பிற அணிகளுக்கும் இதே அளவுகோலைக் கொள்ளலாம். டையின் துணி கோணலாக, அதாவது நூலோட்டத்திற்கு 45 பாகை சாய்வாக வெட்டப்படுகிறது. ஆகவேதான் முடிச்சிட்டு அவிழ்த்த பின் அது மீண்டும் நேராகிறது. முடிச்சை உருவி இழுக்காமல், இட்ட வழியே அவிழ்த்துத் தொங்கவிடுங்கள். நுனி இடைவாரின் கொக்கியைத் தொட்டால் நீளம் சரி. இடைவார் காலணியின் நிறத்தை ஒட்டியதாக, ஐந்து துளைகளுள் நடுத்துளையில் பொருந்துவதாக இருக்கட்டும். கைக்குட்டை பருத்தியாய், நாள்தோறும் துவைத்ததாய் இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது நிறத்தைப் பார்க்கும் முன் காலுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் அடர்த்தியும், தையலின் தட்டையும், சீட்டிலுள்ள விகிதமும் மனநிறைவைத் தந்தால் வாங்குங்கள். வாங்கியதை அன்றன்று துவையுங்கள். நேர்முகத் தேர்வு நடத்துவோர் உங்கள் காலுறையைப் பார்க்கமாட்டார்கள். கால் உறுத்தாத ஒருவன் நிமிர்ந்து நடந்து வந்து, கேட்ட கேள்விக்கு மனம் சிதறாமல் விடை கூறுவதை மட்டும் பார்ப்பார்கள்.