நாணத்தை வென்ற சிகிச்சை



தலைவலி என்று சொல்ல எந்தப் பெண்ணும் தயங்குவதில்லை. ஆனால், இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிகிறது என்று சொல்லப் பலருக்கு நா எழுவதில்லை. மகப்பேறு கண்ட பெண்களிடத்துப் பெரிதும் காணப்படும் இக்குறை ஆண்டுக்கணக்காக மறைக்கப்படுகிறது. தணிக்கக்கூடிய ஒரு துன்பம் சொல்லாமையினால் நீடிப்பது வருந்தத்தக்கதன்றோ?

இதன் காரணத்தை முதலில் நோக்குவோம். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குவன இடுப்புத்தளத் தசைகள். அவை தளர்ந்துவிட்டால், வயிற்றினுள் அழுத்தம் மிகும்பொழுது சிறுநீர் வழி இறுக மூடுவதில்லை. அத்தசைகளைச் சுருக்கியும் தளர்த்தியும் நாள்தோறும் பயின்றால் அவை வலுப்பெறும். அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் இப்பயிற்சியை 1948ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். ஆகவே, பரிகாரம் அறியப்படாததன்று. அதனை நாடி வருவதற்கு நாணமே தடையாய் நின்றது.

இத்தடையை நீக்கச் சுவீடன் தேசத்து உமெயோப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு வழி கண்டனர். 250 பெண்களை இரு பிரிவாக்கி, மூன்று மாதப் பயிற்சியை ஒரு பிரிவினருக்கு இணையத்தின் மூலமும் மற்றப் பிரிவினருக்குத் தபாலின் மூலமும் அளித்தனர். எவரும் வைத்தியசாலைக்கு நேரிற் செல்லவில்லை. வினாக்கொத்தும் தொலைபேசி உரையாடலும் கொண்டே நோய் அறியப்பட்டது. இணையப் பிரிவினருக்கு மாத்திரம், தேர்ந்த சிகிச்சையாளர் ஒருவர் மின்னஞ்சலில் மறுமொழி கூறி ஊக்கமளித்தார். முடிவுகள் 2013இல் வெளிவந்தன. இரு பிரிவினரும் நலங்கண்டனர். எனினும், தமது குறை பெரிதும் நீங்கியதென்று கூறியோர் இணையப் பிரிவில் 100க்கு ஏறத்தாழ 41 பேர். தபால் பிரிவில் ஏறத்தாழ 27 பேர்.

பின்னர் அப்பெண்கள் சிலரை ஆய்வாளர் பேட்டி கண்டனர். முகங்காட்டாது பேச முடிந்ததும், வீட்டு வேலைக்கும் தொழிலுக்குமிடையே தமக்கு இசைந்த வேளையிற் பயில முடிந்ததும் அவர்களுக்குப் பெரும் ஆறுதலாயின. ஆயினும் குறைகளும் இல்லாமலில்லை. சரியான தசையைத்தான் சுருக்குகிறோமா என்ற ஐயம் சிலரை வாட்டியது. கேட்பார் அருகில் இல்லாதபோது பயிற்சியை விடாது தொடர்வது கடினமாயிருந்தது. அத்தகையோருக்கு, மறுமுனையில் ஒருவர் இருக்கிறார், நமது கடிதத்தை வாசிக்கிறார் என்ற எண்ணமே துணையாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தொலைவு நாணத்தைப் போக்குகிறது. ஆனால் நோயாளியைத் தாங்கி நிற்பது மனிதத் துணையே. எல்லா நோய்க்கும் இவ்வழி பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது. சிறுநீரிற் குருதி கண்டாலோ வலி உண்டானாலோ வைத்தியரை நேரிற் காணுதல் வேண்டும்.

இணையத்தின் மூலமாயினும் நேரிலாயினும், சிகிச்சையின் முதற்படி ஒன்றே: மறைத்ததை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல்.