ஜே.ஜே.யின் புறக்கடையில் ஓர் எட்டிப்பார்வை

நாவலுக்குள் முன்வாசல் வழியாக எல்லாரும்தான் போவார்கள். வாங்க மக்களே, நாம் புறக்கடைக் கதவைத் தள்ளிப் பார்ப்போம். சத்தம் மட்டும் போடாதீங்க!

முதலில் வேறொரு நாவல். 2016இல் வந்த ஜூலி பக்ஸ்பாமின் 'டெல் மீ த்ரீ திங்ஸ்' நாவலில், அம்மாவைப் பறிகொடுத்த ஜெஸ்ஸி சிகாகோவை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிக்கு வருகிறாள். பெயர் சொல்லாத ஒருவன் மின்னஞ்சலிலேயே தோழனாகிறான். துக்கம், புதுப் பள்ளி, முகம் தெரியாத சிநேகிதம். இந்த மூன்றும் நம்ம நாகர்கோவிலில் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன! வீட்டுக்காரர் சுந்தர ராமசாமி. நாவல், 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்'.

முதல் அறை: துக்கம்

கதை சாவுச் செய்தியோடுதான் தொடங்குகிறது. மலையாள எழுத்தாளன் ஜே.ஜே. இறந்த தேதி 1960 ஜனவரி 5. அதற்கு முந்தைய நாள்தான் பிரான்சில் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்தார். குறும்பைப் பாருங்கள்! காம்யு நிஜம், ஜே.ஜே. கற்பனை. நிஜச் சாவுக்கு அடுத்த வீட்டில் கற்பனைச் சாவைக் குடிவைத்துவிட்டார் சு.ரா. ஜே.ஜே. உண்மையில் வாழ்ந்தவன் என்றே நம்பியவர்கள் உண்டு. கேரள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் என்று கிசுகிசுத்தவர்களும் உண்டு. அவரும் போனது 1960இல்தான். அட!

இரண்டாம் அறை: பள்ளிக்கூடம்

சு.ரா.வுக்கு எட்டு வயதுவரை கோட்டயம், பிறகு நாகர்கோவில். ஊர் மாறியது, ராஜ்யம் மாறவில்லை. இரண்டும் அன்று திருவிதாங்கூர். பள்ளியில் படித்தது மலையாளம், ஆங்கிலம், சமஸ்கிருதம். நோய் வீட்டில் முடக்கிப்போட, படிப்பும் நின்றது. தமிழ் எழுதப் படிக்கக் கற்றது எப்போது தெரியுமா? 18 வயதில்! அந்தக் கோட்டயத்து நாட்கள் 1998இல் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலாயின. அதில் வரும் பையன் பாலு. ஜே.ஜே.யின் கதையைச் சொல்பவன் பெயரும் பாலுதான்!

மூன்றாம் அறை: முகம் தெரியாத சிநேகிதம்

ஆசையோடு நெருங்கிய பாலுவுக்கு ஜே.ஜே.யிடம் கிடைத்தது, கல்கியின் நாவல் நாயகி சிவகாமியை வைத்து ஒரு குத்தல் கேள்வி. அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் ஜே.ஜே. இறந்த பிறகு, அவனுடைய நாட்குறிப்பையும் அவனைத் தெரிந்தவர்களையும் தேடிக்கொண்டு பாலு அலைகிறான்.

இப்போது பரணில் இருக்கும் ரகசியம். சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபோது சு.ரா.வுக்கு வயது 17. தமிழ் எழுத்தே இன்னும் கைவரவில்லை. மூன்றே வருடத்தில், 1951இல், 'புதுமைப்பித்தன் நினைவு மலர்' கொண்டுவருகிறார். அவருடைய முதல் கதை அச்சானதும் அதில்தான். எழுத்தைப் படித்தே ஒருவருக்குச் சிநேகிதனாகி, துக்கம் காத்து, எழுத்தாளரும் ஆகிவிட்டார். பாலு எங்கிருந்து வந்தான் என்று புரிகிறதா?

கொசுறு ஒன்று: 1959இல் 'எழுத்து' இதழில் கவிதையோடு வந்த 'பசுவய்யா'வும் இவரேதான். முகம் மறைக்கவும் தெரிந்தவர்!

புதுப் பள்ளியில் கடைசி பெஞ்சில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் மக்களே, நூலக அலமாரிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் சிநேகிதன் அங்கே காத்திருக்கலாம். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.