முன்னாடி இரும்பா, உள்ளே பெல்ட்டா?

நான் செஞ்சி பக்கத்துல அனந்தபுரத்திலிருந்து வந்திருக்கேன்.

‘கார் ஆடம்பரமா, அவசியமா?’ன்னு தலைப்பு. நான் அவசியம்கிற அணி. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுப் பெரியவருக்கு மூச்சு முட்டினா எங்க ஊர்லேர்ந்து விழுப்புரம் போகணும். அந்த நேரத்துல வாசல்ல நிக்கிற கார் ஆடம்பரம் இல்லீங்க ஐயா. ஆனா ஒண்ணு. நான் ஒரு கார் பைத்தியம். அதனாலேயே சொல்றேன், அவசியத்துக்கு வாங்கின காரை ஆபத்தா மாத்துறது நாமதான்!

முதல்ல வாங்குற கதை. எங்க பக்கம் முதல் கார் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டுதான். பெயின்ட்டைத் தடவிப் பார்ப்போம், பாட்டு போட்டுப் பார்ப்போம், எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டிட்டு வந்துடுவோம். பேங்க் கடன் பாக்கி இருக்கான்னு ஆர்.சி.யைப் பார்க்கிறது யாரு? விற்கிறவரும் பணத்தை எண்ணிக்கிட்டுப் போயிடுறாரு. பேரு மாத்தினாங்களான்னு திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. கைக்குக் கை மாறிப்போன கார் அது. ஆனா பதிவேட்டுல முதல் ஆளோட பேரே இருந்தது. விபத்து நஷ்டஈடு யார் தலையில விழுந்தது? எப்பவோ வித்துட்டு நிம்மதியா இருந்த அந்த முதல் ஆள் தலையில! (கைதட்டல்) அதனால வாங்குறவரும் சரி, விற்கிறவரும் சரி, திண்டிவனமோ விழுப்புரமோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேரு மாறின பிறகுதான் கைகுலுக்கணும்.

அடுத்தது அலங்காரம். வாங்கின மறுநாளே முன்னாடி ஒரு இரும்புக் கம்பி மாட்டுறோம். கேட்டா, ‘பாதுகாப்பு’ன்னு பதில் வருது. யாருக்குப் பாதுகாப்பு? இன்றைய காரின் முன்பக்கம் மோதும்போது நசுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அது நசுங்க நசுங்க, மோதலின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும். நடுவுல கெட்டியா இரும்பை வச்சா, அந்த அடி நேரா சேஸிஸ் வழியா உள்ளே இருக்கிறவங்களுக்கு வருது. ஏர் பேக்கை விரியச் சொல்லுற சென்சாரும் குழம்பிப் போகலாம். நடந்து போறவர் மேல பட்டா அந்த இரும்பு எலும்பை முறிக்கும். அதனாலதான் 2017 டிசம்பர்ல மத்திய அரசு இந்தக் கம்பிகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு. கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில இன்னொரு தீர்ப்பு. கலர் மாத்தணுமா, தாராளமா மாத்துங்க, ஆர்.சி.யில பதிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

ஓட்டுறதுக்கு வருவோம். திண்டிவனம் விழுப்புரம் நாலு வழிச் சாலையில ஏறினதும் காலு தானா அழுத்துது. 80-லேர்ந்து 100-க்குப் போனா, 20 தானேன்னு நினைக்கிறோம். வேகம் கால் பங்குதான் கூடுது. மோதலின் சக்தியோ ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடுது. 100-ல போகும்போது ரெண்டு செகண்ட் செல்போனைப் பார்த்தா, 55 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினதுக்குச் சமம்!

கடைசியா பெல்ட்டு. பெல்ட்டு போடாட்டி வண்டி கத்துது. அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு போலி கொக்கியை வாங்கிச் சொருகுறாங்க ஐயா! 2023-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஆன்லைன் கடைகள்ல அதை விற்கக் கூடாதுன்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. பின் சீட்டுக்குப் பெல்ட்டு எதுக்குன்னு கேக்கிறாங்க. 2022 செப்டம்பர்ல மும்பைப் பக்கம் பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன கார் மோதியது. கோடீஸ்வரர் கார்தான். முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பின் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் இறந்தாங்க. அவங்க பெல்ட்டு போடலைன்னு போலீஸ் சொன்னது. வண்டி நின்னாலும் நம்ம உடம்பு அதே வேகத்துல முன்னால பாயும். விலை உயர்ந்த காருக்கும் அதே கணக்குதான்.

தாய்மார்களே, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது குழந்தையை முன் சீட்டுல மடியில வச்சுக்கிறீங்க. மோதின நொடியில எந்தத் தாயோட கையாலயும் அந்தக் குழந்தையைப் பிடிச்சு வைக்க முடியாது. பாசம் குறைவுன்னு இல்லை, வேகம் அப்படி. (கைதட்டல்)

அதனால அலங்காரத்துக்கு வச்சிருக்கிற காசுல தேய்ஞ்ச டயரை மாத்துங்க. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா, மழைத் தண்ணியை ஒதுக்க அதால முடியாது; பிரேக் போட்டாலும் வழுக்கிட்டுப் போகும். பிரேக்கைப் பாருங்க, பெல்ட்டைப் போடுங்க. காரை ஊரே திரும்பிப் பார்க்கணும்னு ஆசைப்படுறது தப்பில்லை. ஆனா அந்தக் காருல போனவங்க பத்திரமா வீடு திரும்பணும் ஐயா.