வாடிக்கையாளர் மாறினால் கடை என்ன ஆகும்? – கலிபோர்னியா தரும் பாடம்

நம் கடைத்தெருவில் இப்படியொரு காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்று தலைமுறையாக நடந்துவந்த கடை. தெருவில் பழைய குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன. புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கும் சரக்கு வேறு. முதலாளியோ, "அப்பா காலத்திலிருந்து இதுதான் சரக்கு" என்று உட்கார்ந்திருக்கிறார். கல்லாப்பெட்டி மெல்ல மெல்ல இளைக்கிறது. அரசியல் கட்சிகளுக்கும் இதே நிலை வருவதுண்டு. கட்சி சார்பு இன்றி, வியாபாரப் பாடத்துக்காக மட்டுமே ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு காலத்தில் குடியரசுக் கட்சியின் கோட்டை. 1952 முதல் 1988 வரை நடந்த 10 அதிபர் தேர்தல்களில் 9 முறை அக்கட்சிக்கே வாக்களித்தது. நிக்சனும் ரீகனும் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் 1992 முதல் 2024 வரை ஒரு அதிபர் தேர்தலில்கூட அக்கட்சி அங்கு வெல்லவில்லை. 2006க்குப் பிறகு மாநிலம் முழுவதற்குமான பதவி எதையும் அது பிடிக்கவில்லை.

காரணம் என்ன? முதலாவது, மக்கள் தொகை மாற்றம். 1990 கணக்கெடுப்பில் 100 பேரில் 57 பேர் வெள்ளையர். 26 பேர் ஸ்பானிய வழியினர். 2020இல் வெள்ளையர் 35 பேராகக் குறைந்தனர். ஸ்பானிய வழியினர் 39 பேராக உயர்ந்தனர். மேலும், அமெரிக்க-சோவியத் பனிப்போர் முடிந்ததும் விமான, ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. அக்கட்சியின் பழைய வாக்காளர் பலர் அண்டை மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

குடிவந்தவர் உடனே வாக்காளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் குடியுரிமை பெற வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறைய வேண்டும். ஆகவே வாக்குப் பெட்டியில் மாற்றம் தாமதமாகத்தான் தெரியும். கட்சி விழித்துக்கொள்ள அந்த இடைவெளி போதுமானது.

அந்த இடைவெளியில் கட்சி என்ன செய்தது? 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், அனுமதியின்றி வசித்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை அளித்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கலிபோர்னியாவில் இருந்தனர். வருங்கால வாடிக்கையாளரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்ததே அக்கட்சியின் தலைவர்தான்! ஆனால் 1994இல் அதே கட்சியின் ஆளுநர் பீட் வில்சன், 187ஆம் எண் தீர்மானத்தை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். அனுமதியின்றி வசிப்போருக்குப் பள்ளிக் கல்வியையும், அவசரமற்ற அரசு மருத்துவ உதவியையும் அது மறுத்தது. 100க்கு 59 வாக்குகள் பெற்றுத் தீர்மானம் வென்றது, வில்சனும் வென்றார். பின்னர் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் ஸ்பானிய வழியினர் பலர் அதைத் தங்கள் எல்லோருக்கும் நேர்ந்த அவமதிப்பாகவே கருதினர். குடியுரிமைக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அன்றைய கல்லா நிறைந்தது; நாளைய வாடிக்கை போயிற்று. நிக்சன் பிறந்த ஆரஞ்சு மாவட்டமே 1936க்குப் பிறகு முதன்முறையாக 2016இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு வாக்களித்தது.

மக்கள் தொகை மாறியதே முழுக் காரணமா? இல்லை. டெக்சாஸ் மாநிலத்திலும் 2020இல் 100க்கு 39 பேர் ஸ்பானிய வழியினரே. அங்கு 1994க்குப் பிறகு மாநிலம் முழுவதற்குமான பதவித் தேர்தல்களில் குடியரசுக் கட்சியே வென்று வந்திருக்கிறது. அங்கு ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் (இளையவர்), ஸ்பானிய மொழியிலும் பேசி வாக்குக் கேட்டார். மறுபக்கம், ஜனநாயகக் கட்சி தன் சொந்தச் சொத்தாக நினைத்திருந்த ஸ்டார் மாவட்டம் 2024இல் குடியரசுக் கட்சிக்கு மாறியது. அங்கு மிகப் பெரும்பான்மையோர் ஸ்பானிய வழியினர். 1892க்குப் பின் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. "இவர் எங்கே போய்விடுவார்" என்று எந்த வாடிக்கையாளரையும் நினைக்கக்கூடாது.

ஆக, தெரு மாறுவதால் மட்டும் கடை மூடப்படுவதில்லை. புதிதாக வந்தவரை வாசலில் நிற்கவைத்து முகம் சுளித்தால்தான் மூடப்படுகிறது. பழையவரை விடாமல், புதியவருக்கும் நாற்காலி போடுபவரே நிலைத்து நிற்பார். இம்மாதம் கணக்குப் பேரேட்டைப் புரட்டும்போது, ஐந்தாண்டுக்கு முன் வந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், புதியவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.